திருவொற்றியூர் பட்டறையில் ஒரு வேன் வைத்தியம்

ராயபுரத்திலிருந்து வடக்கே கிளம்பினால் வலது பக்கம் கடல் கூடவே வரும். ஆனால் கடலைப் பார்க்க யாரும் வண்டிக் கண்ணாடியை இறக்குவதில்லை. காசிமேட்டில் மீன் வாடை, அதைத் தாண்டினால் டீசல் புகை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி வேறு. காற்று மணலி பக்கமிருந்து திரும்பினால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் வாசம். எண்ணூர் வரைக்கும் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம். அந்த வழக்கம் ஒரு சின்ன வேனுக்குள் எவ்வளவு பெரிய ஆபத்தாக மாற இருந்தது என்பதைப் போன மாதம் நேரில் பார்த்தேன்.

அதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம். வட சென்னை என்றால் சினிமாவில் அரிவாளைத்தான் காட்டுவார்கள். உண்மையில் இது ஸ்பேனர் பிடித்த கைகளின் ஊர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில், குழந்தைகள் விளையாடும் பலூன் செய்துதான் தொடங்கியது. 1948-ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. 1955-ல் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல்தான் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட்டுகள் புறப்பட்டன.

இந்த ஆலைகளில் தொழில் கற்றவர்கள் பலர், ஓய்வுக்குப் பிறகும் கை சும்மா இருக்கப் பிடிக்காமல் தெருவோரத்தில் பட்டறை போட்டார்கள். தேரடியிலிருந்து எர்ணாவூர் வரை பிரதான சாலையை விட்டுச் சந்துக்குள் நுழைந்தால் அந்தப் பட்டறைகளைப் பார்க்கலாம். விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் 2021-லேயே வந்துவிட்டது. அந்தத் தூண்களின் நிழலில் இன்னமும் லேத் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் சித்தி மகள் எண்ணூரில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையுமாகச் சேர்ந்து காலை டிபன் வியாபாரம். இட்லி, பொங்கல், வடை எல்லாம் அவள் கைப்பக்குவம். ஒரு மாருதி ஆம்னி வேனில் ஏற்றி, கம்பெனி வாசல்களில் நிறுத்தி விற்பது மாப்பிள்ளையின் வேலை. போகிற வழியில் ஏழாவது படிக்கும் மகளைப் பள்ளியில் இறக்கிவிடுவார். 2014 மாடல் வண்டி. ரேடியேட்டர் தண்ணீர் வற்றி எஞ்சின் சூடேறிக் கெட்டுப்போனதால், வேறொரு பட்டறையில் கொடுத்துச் செகண்ட் ஹேண்ட் எஞ்சின் மாற்றியிருந்தார்கள். (எஞ்சின் மாற்றினால் பில்லோடு போய் ஆர்.சி.யில் புது எஞ்சின் எண்ணைப் பதிந்துவிட வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, இன்ஷூரன்ஸ் கேட்கும்போது முழிக்கிறார்கள்.)

எஞ்சின் மாற்றிய நாளிலிருந்து தொல்லைதான். செக் எஞ்சின் விளக்கு அணையவே இல்லை. லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஒன்பதுக்கு இறங்கியது. ஸ்கேனர் போட்டுப் பார்த்தவர்கள், “லீன் ஓடுது, பெட்ரோல் பத்தலை” என்றார்கள். அதை நம்பிப் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார் என்று வரிசையாக மாற்றினார்கள். பதினோராயிரம் ரூபாய் கரைந்தது. விளக்கு மட்டும் அப்படியே எரிந்தது.

தங்கச்சி இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டு, கடைசியில் சாதாரணமாக ஒன்று சொன்னாள்: “பாப்பாவுக்கு வேற காலையில தலைவலி, குமட்டல்ணே. ஸ்கூல் போறதுக்குள்ள முகம் வாடிடுது. மத்தியானம் சரியாயிடுது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர் சொன்ன ஒரு பெரியவரின் பட்டறைக்கு வேனைக் கொண்டுபோனோம். முப்பது வருடம் இங்கே ஒரு மோட்டார் ஆலையில் வேலை பார்த்தவர். வண்டியை முந்தின இரவே கொண்டுவந்து விட்டுவிடுங்கள், காலையில் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

காலையில் அவர் கேட்ட முதல் கேள்வி: “எஞ்சின் மாத்தறதுக்கு முன்னாடி இந்த லைட் எரிஞ்சுதா தம்பி?”

“இல்லைண்ணே.”

“அப்ப, மாத்தும்போது எதையெல்லாம் கழட்டினாங்களோ அதை மட்டும் பாத்தா போதும். பம்பைக் கழட்டியிருக்க மாட்டாங்களே, அதை ஏன் மாத்துனீங்க?”

மாப்பிள்ளையிடம் பதில் இல்லை. பதினோராயிரத்துக்கான விசாரணை இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிட்டது.

ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி மூன்று பிளக்கையும் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். மூன்றும் கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தன. எனக்கே ஏதோ இடித்தது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று அதிகமாகிப் பெட்ரோல் குறைந்தால் அதுதான் லீன். நிஜமாகவே லீனாக ஓடும் எஞ்சினில் பிளக் வெளுத்திருக்கும், எஞ்சின் சூடேறும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திணறும். முற்றினால் பிஸ்டனே உருகும். பிளக் கறுத்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது என்று அர்த்தம்.

“மெஷின் பெட்ரோல் பத்தலைங்குது. பிளக் ஜாஸ்திங்குது” என்று சிரித்தார் பெரியவர். “ரெண்டுல யாரோ ஏமாந்திருக்காங்க. பிளக் ஏமாறாது. அது நெருப்புக்குள்ளயே இருக்கு.”

பிளக்கை மாட்டிவிட்டு, அரை மீட்டர் ரப்பர் ஓஸ் ஒன்றை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டார். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். மறு முனையை எஞ்சினைச் சுற்றி மெதுவாக நகர்த்தினார். ஓர் இடத்தில் நின்றவர், ஓஸை என்னிடம் நீட்டினார். டிக், டிக், டிக் என்று பல்லி கத்துவது போலத் துல்லியமாகக் கேட்டது. பத்து நிமிடத்தில் எஞ்சின் சூடானதும் சத்தம் கரைந்துவிட்டது. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறதாம். முந்தைய பட்டறைகளுக்கு வண்டி எப்போதும் ஓடிச் சூடான பிறகுதான் போயிருக்கிறது. அவர்கள் காதில் இது விழ வாய்ப்பே இல்லை.

எஞ்சின் ஆறும் வரை டீ குடித்தோம். பிறகு சோப்புத் தண்ணீரை அந்த இடத்தில் தடவி, ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைத் துணியால் ஒரு நொடி அடைத்தார். குமிழ் குமிழாக நுரை கிளம்பியது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டும், கீழே போகும் சைலன்சர் குழாயும் சேரும் இடம் அது. அங்கே ஒரு ஸ்டட் பாதியில் முறிந்திருந்தது. பழைய கேஸ்கெட்டையே திரும்பவும் வைத்து மூடியிருந்தார்கள். விளிம்பில் கறுப்பாகப் புகைத்தடம்.

“உப்புக் காத்துப்பா. இந்தப் பக்கம் ஓடுற வண்டில ஒரு ஸ்டட் முழுசா கழண்டு வந்தா அதிசயம். கழட்டும்போது முறிஞ்சிருக்கும். மிச்சத்த டைட் பண்ணிட்டு விட்டுட்டாங்க.”

ஆனால் புகை வெளியே கசிந்தால் கம்ப்யூட்டர் ஏன் பெட்ரோல் பற்றவில்லை என்கிறது? புகைக் குழாயில் புகை குழாய்த் தண்ணீர் போல ஒரே சீராக வருவதில்லை. விட்டு விட்டு, துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ளே அழுத்தம் குறையும். அந்தக் கணத்தில் அதே ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. சற்றுக் கீழே இருக்கும் ஆக்சிஜன் சென்சார் இந்த வெளிக்காற்றை முகர்ந்துவிட்டு, எஞ்சினில் காற்று மிச்சமாகிறது என்று தகவல் அனுப்புகிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. கூட்டிய பிறகும் வெளிக்காற்று வருவது நிற்காது. இன்னும் கூட்டுகிறது. ஸ்கேனரில் 25 சதவீதம் கூடுதல் என்று காட்டியது. எஞ்சின் லீனே இல்லை. லீன் என்று நினைத்து நாலு பேர் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

பெரியவர் அதற்குள் வேறொரு யோசனைக்குப் போய்விட்டார். “காலைல வண்டில யார் யார் போவீங்க? கண்ணாடி ஏத்தியா, இறக்கியா?”

தங்கச்சி சொன்னாள். புழுதிக்குப் பயந்து ஏற்றித்தான். மகள் முன் சீட்டில், சரியாக அந்த ஓட்டைக்கு மேலே.

இந்த ஊர்க்காரர்களுக்கு விஷ வாயு புதிதல்ல. 2023 டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். அமோனியா மூக்கில் அறையும், எழுப்பிவிடும். பெட்ரோல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுவதைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தூக்கக் கலக்கம். மூடிய வண்டியில் அதிகமானால் உயிரே போகும். புகையின் மற்ற வாடை வந்திருக்குமே என்று கேட்டேன். “இந்த ரோட்டுல புகை வாடை இல்லாத நேரம் எதுண்ணே?” என்றாள் தங்கச்சி. அவள் சொன்னதும் நியாயம்தான்.

வண்டிக்குள் உட்கார்ந்தால் தலை வலித்து, இறங்கினால் சரியாகிறது என்றால் தைலம் தடவி விட்டுவிடாதீர்கள். கண்ணாடியை இறக்கி, வண்டியை நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். மயக்கம் போல இருந்தால் டாக்டரிடம் போங்கள். சைலன்சர் கசிவைப் பார்க்காமல் அந்த வண்டியைத் திரும்ப எடுக்காதீர்கள்.

முறிந்த ஸ்டட்டை எடுப்பதுதான் அன்றைய பெரிய வேலை. மேனிஃபோல்டைக் கழற்றி, முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அது சிவந்திருக்கும்போதே ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பினார். இரண்டு முறை நட்டு மட்டும் கையோடு வந்தது. மூன்றாவது முறை கிரீச்சென்று துண்டு சுழன்றது. பட்டறைப் பையன் விசிலடித்தான். பக்கத்து லேத்தில் மேனிஃபோல்டின் முகத்தைச் சமன் செய்து வந்து, புது ஸ்டட்டுகள், புது கேஸ்கெட் போட்டுப் பூட்டும்போது மணி மூன்று.

சோப்புத் தண்ணீர் சோதனை மறுபடியும் நடந்தது. ஒரு குமிழ்கூட இல்லை. பழைய கோடை அழித்துவிட்டு, ஸ்கேனரை மாட்டியபடியே எண்ணூர் முகத்துவாரம் வரை ஓட்டிப் பார்த்தோம். பெட்ரோல் கூடுதல் எண் 25-லிருந்து படிப்படியாக இறங்கி மூன்றில் நின்றது. விளக்கு திரும்ப எரியவில்லை. கேஸ்கெட், ஸ்டட், வெல்டிங், லேத் கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கேட்டார். மாப்பிள்ளை இரண்டாயிரமாகக் கொடுத்ததற்கு மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

“ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை கொண்டாங்க, நட்டை டைட் வெச்சுத் தர்றேன். காசு வேணாம். வரும்போது பொங்கல் ரெண்டு பார்சல் கொண்டாம்மா.”