எழுதாமல் விட்ட ஒரு வரி

வக்கீல் குமாஸ்தா வேலையில் சேர்ந்த புதிதில் மூத்த குமாஸ்தா அண்ணாச்சி ஒருவர் எனக்குச் சொன்னது இதுதான்: "வர்றவங்க பேசி முடிக்கிற வரைக்கும் பேனாவைத் தொடாதே தம்பி." சோழபுரத்திலிருந்து ராஜபாளையம் வந்து, அங்கே பஸ் மாறி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு இருபத்தெட்டு வருடம் போய் வந்திருக்கிறேன். ஒருவர் வாயால் சொல்வதும் அது தாளில் ஏறும் விதமும் ஒன்றில்லை என்பதைத் தினமும் பார்த்தாயிற்று. "மச்சானைக் கூட்டிட்டு வரலாம்னு போனேன், அங்கே ஒரே அடிதடி" என்பான் ஒரு பையன். தாளில், "சம்பவ நேரத்தில் நான் சம்பவ இடத்தில் இருந்தேன்" என்று இருக்கும். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எதற்காகப் போனான் என்பது காணாமல் போயிருக்கும்.

அதனால்தான் பேரறிவாளன் வழக்கைப் பற்றி டீக்கடையில் பேச்சு வந்தால் எல்லோரும் அரசியலுக்குப் போக, என் மனசு ஒரு வரியில் போய் நின்றுகொள்ளும்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். காவலுக்கு நின்ற போலீஸார், கூட்டம் பார்க்க வந்தவர்கள் என்று பலரும் அவரோடு சேர்ந்து செத்தார்கள். ஜூன் 11-ம் தேதி பேரறிவாளன் கைதானார். அப்போது அவருக்கு வயது 19. அவர் மீதான குற்றச்சாட்டுகளில் நம் எல்லோருக்கும் நினைவிருப்பது இரண்டு 9 வோல்ட் பேட்டரி. அவர் வாங்கிக் கொடுத்த பேட்டரிதான் வெடிகுண்டில் பயன்பட்டது என்றது சி.பி.ஐ.

சாதாரண வழக்கில் போலீஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டம் 25-வது பிரிவிலேயே அப்படித்தான் எழுதிவைத்தான். மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால்தான் மதிப்பு. அவரும், "நீ சொல்லியே ஆகணும்னு கட்டாயமில்லை" என்று எச்சரித்த பிறகுதான் எழுத வேண்டும். தடா சட்டம் இதைத் தலைகீழாக மாற்றியது. எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரி பதிவு செய்தாலே சாட்சியம். போலீஸ் காவலில் 60 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். மேல்முறையீட்டுக்கு ஐகோர்ட் படி ஏற முடியாது, நேரே சுப்ரீம் கோர்ட்தான்.

பூந்தமல்லி தடா கோர்ட் 1998 ஜனவரியில் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. ஒருவர்கூட பாக்கியில்லை. 1999 மே 11-ல் சுப்ரீம் கோர்ட் அதில் 19 பேரை விடுவித்தது. மூன்று பேருக்கு ஆயுள், நான்கு பேருக்குத் தூக்கு உறுதி. நால்வரில் பேரறிவாளனும் ஒருவர். இதில் எனக்கு இன்றுவரை ஜீரணமாகாத ஒன்று உண்டு. இது தடா சட்டப்படியான பயங்கரவாதக் குற்றம் ஆகாது என்று அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லும் என்றது. வீடு இடிந்த பிறகும் கதவு பூட்டியே இருந்த கதை!

கருணை மனு தள்ளுபடியாகி, 2011 செப்டம்பர் 9 தூக்குக்கு நாள் குறித்தார்கள். ஆகஸ்ட் 30-ல் சென்னை ஐகோர்ட் தடை கொடுத்தது. இடையில் இருந்தது பத்தே நாள்.

இரண்டு வருடம் கழித்து, 2013 நவம்பரில், அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன் வாய் திறந்தார். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். பேட்டரி வாங்கிக் கொடுத்ததை ஒப்புக்கொண்ட பேரறிவாளன், அது எதற்கென்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னாராம். அந்த வரியைத்தான் எழுதவில்லை என்றார். எழுதியிருந்தால் அது ஒப்புதல் வாக்குமூலமாகவே நின்றிருக்காது. 2017-ல் இதையே பிரமாண பத்திரமாக சுப்ரீம் கோர்ட்டில் கொடுத்தார்.

பேட்டரி வாங்கியது குற்றமில்லை. எதற்கென்று தெரிந்து வாங்கினால்தான் குற்றம். விட்டுப்போனது அந்தத் 'தெரிந்து'தான். தடாவின் 15-வது பிரிவு, வாக்குமூலத்தை ஒலிநாடாவிலும் பதிவு செய்ய இடம் கொடுத்திருந்தது. ஒரு கேசட் ஓடியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

எதிர்த்தரப்பையும் சொல்லவேண்டும். பேட்டரி மட்டும் இல்லை. பொய் முகவரி கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கியது, கொலைக்கு இரண்டு வாரம் முன்பு வி.பி.சிங் கூட்டத்துக்குக் கொலையாளிகளோடு போனது எல்லாம் தீர்ப்பில் இருக்கிறது. அவை சந்தேகத்தைக் கிளப்பும் விஷயங்கள்தான், மறுக்கமாட்டேன். ஆனால் மே 7-ம் தேதி சிவராசன் அனுப்பிய வயர்லெஸ் செய்தியில், எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் நோக்கம் தெரியாது என்று இருந்ததையும் தியாகராஜன் சுட்டிக்காட்டினார். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் விசாரணைக் கோர்ட். அந்த வரி அங்கே போகவே இல்லை.

1999 தீர்ப்பைத் திரும்பப் பெறக் கேட்ட பேரறிவாளனின் மனுவை 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. தூக்கு ஏற்கெனவே 2014-ல் ஆயுளாகக் குறைந்திருந்தது, அதுவும் கருணை மனுவில் நடந்த தாமதத்துக்காக. 2022 மே 18-ல் அரசியலமைப்பின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி அவரை விடுவித்தார்கள். அமைச்சரவை 2018-லேயே பரிந்துரைத்தும் கவர்னர் முடிவெடுக்காமல் இழுத்தது அதற்குக் காரணம். ஜோலார்பேட்டை அற்புதம்மாள் முப்பத்தோரு வருடம் கோர்ட், ஜெயில், கோட்டை என்று அலைந்தது அன்று முடிந்தது. குண்டுவெடிப்பில் சொந்தங்களை இழந்தவர்களுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது.

அன்று சாயங்காலம் ஊர் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். "அப்ப அந்தப் பையன் செய்யலைன்னு சொல்லிட்டாங்களாப்பா?"

"இல்லை தாத்தா. விட்டுட்டாங்க, அவ்வளவுதான். குற்றவாளிங்கிற தீர்ப்பு அப்படியேதான் இருக்கு."

"அது எப்படி?" என்றார். 142-வது பிரிவை அவருக்கு விளக்க எனக்கு இரண்டு டீ ஆயிற்று. அப்படியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

தடா 1995-லேயே காலாவதியாகிவிட்டது. ஆனால் மகாராஷ்டிராவின் மோக்கா சட்டத்தில், எஸ்.பி. பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலம் இன்றைக்கும் செல்லும்.