சுட்டியும் விரலும்

தொடுதலுக்கு நாம் பகைவர் அல்லோம். நோயுற்றவரின் நெற்றியில் எண்ணெய் பூசுவதும், புதுக் குருவின் தலைமேல் ஆயர் கைகளை வைப்பதும், பெரும்பாடுள்ள பெண் கூட்டத்தை ஊடுருவி வந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்டதும் நம் மறையின் உயிர்நாடிகள். ஆகவே, கைப்பேசித் திரையை விரலால் தடவி உலகையே புரட்டும் இக்காலத்தைக் குறைகூற நாம் எழுதவில்லை. மேசைமேல் இருக்கும் கணினியையும் கைப்பேசியாகவே ஆக்கிவிட வேண்டும் என்று சிலர் முனைந்தார்களே, அதைப் பற்றியே எண்ணிப் பார்க்கின்றோம்.

மேசைக் கணினிக்கென்று ஓர் இருப்பு முறை உண்டு. திரை எட்ட நிமிர்ந்து நிற்கும்; கை மேசைமேல் ஊன்றியிருக்கும்; சுட்டி என்னும் மவுஸ் ஊசிமுனை போன்ற அம்பைத் திரையில் நகர்த்தும். விரலோ பருத்தது, தான் தொட வேண்டிய இடத்தைத் தானே மறைப்பது. எனவே விரலுக்கென ஆக்கப்படும் திரையில் பொத்தான்கள் பெரிதாக வேண்டும், இடைவெளி அகல வேண்டும், இடம் போதாமல் மிஞ்சியவற்றை எங்கேனும் ஒளித்து வைக்க வேண்டும். கையடக்கத் திரைக்கு இது நியாயமே. ஆனால் நிமிர்ந்த திரையை நாளெல்லாம் கை நீட்டித் தொட்டுக்கொண்டிருக்க யாரால் இயலும்? மலையுச்சியில் மோசேயின் கைகள் தளர்ந்தபோது தாங்கிப் பிடிக்க ஆரோனும் கூரும் இருந்தார்கள். அலுவலகத்தில் தட்டச்சு செய்பவருக்கு அத்தகையோர் கிடைப்பதில்லை!

2010-இல் ஐபேடு வெளிவந்து விற்பனையில் வெற்றி கண்டது. உடனே கணினி உலகில் ஓர் அச்சம் பரவியது: இனி எல்லாம் விரல்தானோ? 2011 ஏப்ரலில் உபுண்டு தன் பழைய மேசைத்தளத்தை விட்டு, யூனிட்டி என்னும் புதிய தோற்றத்துக்கு மாறியது. பின்னர் மேசைக்கும் கைப்பேசிக்கும் ஒரே முகம் என்ற கனவுக்கு அதையே கருவியாக்கியது. 2017-இல் அக்கனவைக் கைவிட்டது. இவற்றுள் பெருங்குழப்பம் விளைத்தது, 2012 அக்டோபர் 26 அன்று வெளிவந்த விண்டோஸ் 8. 1995 முதல் பதினேழு ஆண்டுகளாகத் திரையின் இடப்புற மூலையில் இருந்த தொடக்கப் பொத்தான் அதில் இல்லை. பெரிய வண்ணக் கட்டங்கள் திரை முழுதும் நிறைந்தன. கணினியை நிறுத்த விரும்பியவர், அம்பை வலப்புற மூலைக்குக் கொண்டுபோய், மறைந்திருந்த பட்டையை வெளிவரச் செய்து, அமைப்புகளுக்குள் நுழைந்து, அங்கே மின்பொத்தானைத் தேட வேண்டியிருந்தது. விளக்கை அணைக்கும் விசையைப் பரண்மேல் வைத்த வீடு போல!

அன்று பெரும்பாலான கணினிகளில் தொடுதிரையே கிடையாது என்பதுதான் இதில் வேடிக்கை. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் அது இல்லை. முறையீடுகள் பெருகவே, 2013 அக்டோபரில் 8.1 பதிப்பில் பொத்தான் மட்டும் திரும்பியது. அழுத்தினால் மீண்டும் அதே கட்டங்கள்தாம்! பழைய பட்டியல் ஓரளவு மீண்டு வர 2015 சூலை வரை காத்திருக்க நேர்ந்தது.

மாற்றம் என்றாலே முணுமுணுப்பது மனித இயல்பு என்று இதைத் தள்ளிவிடலாமா? நம் பெற்றோர் இதனினும் பெரிய மாற்றத்தைக் கண்டவர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்டது. அதன்பின் இலத்தீன் தமிழாயிற்று. குரு மக்களை நோக்கித் திரும்பினார். முதியோர் சிலர் கலங்கியதை நாம் கேட்டறிந்திருக்கிறோம். ஆயினும் அத்திரட்டின் 23-ஆம் பிரிவு ஓர் அளவுகோலையும் தந்தது: திரு அவையின் நன்மைக்கு மெய்யாகவே தேவைப்பட்டாலன்றிப் புதுமை புகுத்தலாகாது; புதிய வடிவங்கள் பழையவற்றிலிருந்து இயல்பாக வளர்ந்து வர வேண்டும். அங்கே மாற்றத்தின் நோக்கம் மக்களின் பங்கேற்பு. மேசைக் கணினியின் மாற்றத்திலோ, எல்லாக் கருவிக்கும் ஒரே முகம் வேண்டும் என்ற ஆக்குவோரின் வசதியே முன்னின்றது. அதில் அமர்ந்து உழைப்பவரை யாரும் போதிய அளவு நினைத்ததாகத் தெரியவில்லை.

முசரவாக்கத்தில் நாம் அறிந்த ஒருவர், பட்டுச் சேலைகளுக்குக் கணினியில் டிசைன் வரைபவர். கரைக்கும் முந்தானைக்கும் வேண்டிய மயிலையும் அன்னத்தையும் சிறு சிறு கட்டங்களாக நிரப்புவார். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஒரு புள்ளி. ஒன்று தவறினாலும் துணியில் தெரியும். அவர் பயன்படுத்தும் வரைவு மென்பொருளின் புதிய பதிப்பு, கருவிகளையெல்லாம் மூன்று கோடுகளுக்குப் பின்னே மறைத்துவிட்டு, விரலுக்கேற்ற பெரும் படங்களை முன்னே நிறுத்தியது. "சாமி, என் விரல் நுனிக்குள்ளே மயிலோட கழுத்தே அடங்கிப் போவுது. எந்தக் கட்டத்தைத் தொட்டுத் திருத்தறது?" என்று கேட்டார். முன்பெல்லாம் கண் திரையில் இருக்க, கை தானே கருவியை எடுத்துக் கொள்ளுமாம். இப்போது தேடும் வேலையே வேலையாகிவிட்டதாம்.

அவர் டிசைன் போய்ச் சேரும் ஜக்கார்டு பெட்டியின் வரலாறும் நினைவுக்கு வருகிறது. 1804-இல் பிரான்சு நாட்டின் ஜோசப் மாரி ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் நூலைத் தூக்கும் முறையை அமைத்தார். பின்னாளில் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு அந்த அட்டைகளையே எடுத்துக்கொண்டார். ஆக, கணினிக்குத் தறியும் ஒரு பாட்டியே. லியோன் நெசவாளர் ஜக்கார்டின் கருவியை எதிர்த்தனர். நூலை இழுத்துக் கொடுத்த உதவியாளரின் பிழைப்பு போயிற்று என்பதால் அந்த எதிர்ப்பை வீண் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அப்பெட்டி தறியின் உச்சியில் ஏறி அமர்ந்ததே தவிர, நெசவாளரின் இருக்கையைப் பிடுங்கவில்லை. குழித்தறியில் கால்கள் குழிக்குள்ளேயே இருந்தன. நாடா வழக்கம்போல் ஓடியது. காலுக்கு ஒரு மிதிகட்டை கூடிற்று, அவ்வளவே.

நம் டிசைனரோ பழைய பதிப்பிருந்த கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்து, அதிலேயே வரைந்துவருகிறார். முடிந்த டிசைனைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு தறிக்குப் போகிறார். நெய்த சேலையைப் படமெடுத்துக் கடைக்காரருக்கு அனுப்ப மட்டும் கைப்பேசியைக் கையில் எடுக்கிறார். அப்போது அவருக்கும் விரல்தான்.