உயிரே - அன்னிக்குப் பாட்டு, இன்னிக்குப் படம்

போன ஞாயித்துக்கிழமை வேற வேலை இல்லாம 'உயிரே' படத்தை மறுபடியும் பார்த்தேன். 1998ல் வந்தப்போ எனக்குப் பதினேழு வயசு. மல்லசமுத்திரத்துல இருந்து பஸ் புடிச்சு திருச்செங்கோடு போய்ப் பார்த்தோம். ஊட்டி மலை ரயில் மேல மலைக்கா அரோரா ஆடின 'தைய்யா தைய்யா'வுக்கே டிக்கெட் காசு செரியாப் போச்சு :-) அப்புறம் 'என்னுயிரே' பாட்டு. லடாக் மலை, சந்தோஷ் சிவன் கேமரா, ஷாருக்கும் மனீஷா கொய்ராலாவும் ஒருத்தரை ஒருத்தர் பின்னிக்கிட்டு... அந்த வயசுல வேற என்னங்க வேணும்?

கூட வந்த சித்தப்பா லாரி டிரைவர். கவுகாத்தி வரைக்கும் லோடு அடிச்சவர். திரும்பி வரும்போது பஸ்ல ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். "அந்தப் பக்கம் ராத்திரியில செக்போஸ்ட்டுல பொம்பளைங்க நடுங்கிட்டு நிக்கறதப் பாத்திருக்கேன் கண்ணு. சினிமால கம்மியாத்தான் காட்டிருக்காங்க."

நான் கேசட் வாங்கற நெனப்புல இருந்தேன். காதுல விழுந்துச்சு, மனசுல ஏறல.

இப்பப் பார்க்கும்போது பாட்டை விட்டுட்டு அந்தப் பொண்ணைத்தான் பார்த்தேன். சின்ன வயசுல ராணுவத்தால சீரழிக்கப்பட்டவ. அவன் நெருங்கினா மூச்சுத் திணறி நடுங்குறா. அவனுக்கோ என்னைக் காதலிக்கிறியா இல்லையாங்கறதுதான் கேள்வி. இத்தனைக்கும் அவன் ரேடியோக்காரன். சுதந்திரம் வாங்கி 50 வருஷமாச்சேன்னு ஊர் ஊரா மைக் நீட்டுறவன். இவ சொல்ல வந்ததை மட்டும் கேக்கவே இல்ல. கடைசியில ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சபடி குண்டு வெடிச்சுச் சாகறதை அன்னிக்குக் காவியக் காதல்னு நெனச்சேன். இன்னிக்கு அப்படித் தோணல.

ராணுவத்துக்கு சிறப்பு அதிகாரம் குடுத்த சட்டம் 1958ல் வந்தது. 2004ல் இம்பால் காங்லா கோட்டை முன்னாடி மணிப்பூர்த் தாய்மார்கள் துணியை அவுத்துப் போட்டுட்டு நின்னதும், இரோம் ஷர்மிளா 2000ல இருந்து 2016 வரைக்கும் உண்ணாவிரதம் இருந்ததும் எதுக்குன்னு தெரிஞ்ச பிறகு இதை வெறும் காதல் படமாப் பார்க்க முடியல. அந்த ஷர்மிளா 2017ல் காதலிச்சவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டது எங்க தெரியுமா? நம்ம கொடைக்கானல்ல. படத்துல கிடைக்காத முடிவு நெசத்துல ஒருத்தருக்காச்சும் கிடைச்சுது.

சித்தப்பா இப்ப இல்ல. அன்னிக்கு பஸ்ல "அப்புறம் என்ன பாத்தீங்க?"ன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஹீரோவைக் குத்தம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு, சொல்லுங்க.