கழற்றக்கூடிய மூடி

அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி எங்கள் வீட்டுக்கு 2012-இல் வந்தது. மூன்றாம் வருடம், தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது தீய்ந்த வாசனையோடு பொறி தெறித்து நின்றுபோனது. "ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்" என்றார் அப்பா. நான்கு நாள் அம்மியில் அரைத்த அம்மா, ஐந்தாம் நாள் மிக்ஸியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி ரிப்பேர் கடைக்குப் போனாள். டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த நானும் கூடப் போனேன். கடைக்காரர் அடிப்பக்கத்தைத் திறந்து, தேய்ந்துபோன இரண்டு சின்னக் கார்பன் துண்டுகளை எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டு வைத்தார். ஐந்து நிமிட வேலை.

"இத்துனூண்டுக்கா கண்ணு இத்தனை பாடு?" என்றாள் அம்மா.

அவை கார்பன் பிரஷ்கள். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவது அவைதான். உரசிக்கொண்டே இருப்பதால் தேய்ந்துதான் தீரும். தேய்வது தெரிந்த பொருளை, திறக்கவே தோன்றாத இடத்தில் வைத்து மூடியிருக்கிறார்கள்.

சில வருடங்கள் கழித்து, கோவையில் ஒரு கம்பெனியில் கேட் டிசைனராக உட்கார்ந்தேன். புதிய மிக்ஸியின் வெளிக்கூடு என் கைக்கு வந்தபோது, பிரஷ் இருக்கும் இடத்துக்கு நேராக ஒரு சின்ன மூடி வைக்க நினைத்தேன்.

முதலில் ஸ்கெட்ச் போட்டு அப்படியே வெட்டினேன். ஓட்டை விழுந்தது, வெட்டிய துண்டு காணாமல் போனது. தனியாக ஒரு மூடி வரைந்து பொருத்தினால் கிழிந்த துணிக்கு ஒட்டுப்போட்டதுபோல் இருந்தது. கூடு மேலும் கீழும், பக்கவாட்டிலும் வளைகிறது. தட்டையான மூடி அதில் ஒருநாளும் சேராது. பிறகுதான் புரிந்தது, வெட்டக் கூடாது, பிரிக்க வேண்டும். முதலில் ஷெல் கொடுத்துக் கூட்டின் சுவரை 2.5 மி.மீ. ஆக்கினேன். ஸ்கெட்ச் கோட்டை ஒரு சர்ஃபேஸாக நீட்டி, ஒரு பக்கச் சுவரை மட்டும் கடக்கவிட்டு, அதைக்கொண்டு ஸ்ப்ளிட் செய்தேன். கூடு ஒன்று, மூடி ஒன்று என இரண்டு பாடிகள் கிடைத்தன. மூடியும் கூட்டிலிருந்தே பிறந்ததால் வளைவு துளியும் மாறவில்லை. மூடியின் ஓரத்தைச் சுற்றிலும் 0.3 மி.மீ. குறைத்தேன், இடைவெளி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் இறுகிக்கொள்ளும். மூடி உட்கார உள்பக்கம் ஒரு விளிம்பு, தண்ணீர் இறங்காமலிருக்க ஒரு ரப்பர் வளையம். உள்ளே மின்சாரம் பாயும் பாகங்கள் இருப்பதால் வெறும் கையால் திறக்க முடியாதபடி ஒரு ஸ்க்ரூ. பிரஷ்கள் எதிரெதிரே இருப்பதால் எல்லாவற்றையும் மறுபக்கத்துக்கு மிரர் செய்தேன்.

மீட்டிங்கில் மேலாளர் திரையைச் சுழற்றிப் பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா லேடீஸ் எதுக்கு இதைக் கழட்டப் போறாங்க?"

ஒர்க்‌ஷாப்பிலிருந்து டிரில் மெஷினை எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். அதன் இரண்டு பக்கமும் பிரஷ் மாற்றுவதற்கென்றே சின்ன மூடிகள் உண்டு. "இதுல எதுக்கு சார் வெச்சிருக்காங்க?"

"அது டூல்மா."

தினமும் ஓடுகிற மிக்ஸி டூல் இல்லையா என்று கேட்டேன். அச்சுச் செலவு கூடும் என்றார். அது உண்மைதான். ஆனால் அவர் முதலில் சொன்ன காரணம் செலவு அல்ல.

அந்த மூடியை சப்ரெஸ் செய்யச் சொன்னார்கள். செய்தேன். எதுவுமே நடக்காததுபோல் கூடு மூடிக்கொண்டது. இடப்பக்கப் பட்டியலில் மட்டும் அந்த வரிகள் சாம்பல் நிறத்தில் இன்னும் இருக்கின்றன. நான் அழிக்கவில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இரண்டு ஜோடி பிரஷ்களும் வாங்கிப் போனேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்து வைத்தோம். முதல் பிரஷை நான் மாற்றினேன். இரண்டாவதை அம்மா மாற்றினாள். அடுத்த வாரம் போனில் சொன்னாள், "பக்கத்து வீட்டு மிக்ஸியும் நின்னுபோச்சாம் கண்ணு. நான் திறந்து பார்க்கறேன்னு சொல்லியிருக்கேன்."