அடிக்கீறலும் புறனடையும்

இலக்கணம் கற்பிக்கும் நாம் பொழுதுபோக்காக ஓகாமல் என்னும் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியபோது நம்மைக் கவர்ந்தது அதன் வேகமன்று; 'எல்லா வகையும் சொல்லி முடித்தாயிற்றா?' என்று கேட்கும் அதன் இயல்பே. 1970களில் எடின்பரோவில் ராபின் மில்னரும் உடனிருந்தோரும் உருவாக்கிய எம்எல் மொழியின் மரபில் வந்தது அது.

தேர்வு முடிவை எடுத்துக்கொள்வோம். தேர்ச்சி, தோல்வி, வருகையின்மை, நிறுத்திவைப்பு என்று நான்கு வகைகளை முதலில் அறிவிக்கிறோம். பின்னர் ஒவ்வொரு வகைக்கும் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறோம். இதனை வடிவப் பொருத்தம் என்பர். நிறுத்திவைப்பு விடுபட்டிருந்தால் கம்பைலர் 8ஆம் எண் எச்சரிக்கையைத் தரும். குறை உண்டு என்பதோடு நில்லாது, விடுபட்ட வகைக்கு எடுத்துக்காட்டும் காட்டும்.

எச்சரிக்கை தடையன்று. அதைப் புறக்கணித்தும் நிரலை ஓட்டலாம். முடிவு நிறுத்திவைக்கப்பட்ட மாணவர் ஒருவரின் பெயர் வரும்வரை ஓடும். அங்கே முறிந்து நிற்கும். ரஸ்ட் மொழியோ இத்தகைய நிரலை ஏற்கவே மறுத்துவிடும்.

எச்சரிக்கையின் வாயை அடைக்க எளிய வழி ஒன்றும் உண்டு. கடைசி வரியில் ஓர் அடிக்கீறலை இட்டு, 'ஏனைய யாவும் தோல்வி' என்று எழுதிவிடலாம். கம்பைலர் அமைதியாகிவிடும்; நிரலும் முறியாது. தேர்வே எழுதாதவரும், முடிவுக்குக் காத்திருப்பவரும் தோற்றோர் பட்டியலில் ஓசையின்றிச் சேர்வர். முறிந்து நிற்கும் நிரலைவிட இது கொடிது. முறிந்ததை எவரேனும் கவனிப்பர். இதனைக் கவனிக்க அந்த மாணவரைத் தவிர வேறு எவருமிலர்.

தமிழ் படித்தோர்க்கு இங்கே புறனடை நினைவுக்கு வரும். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் இறுதி நூற்பாவும் புறனடையே. ஆனால் அது, கூறாதன அனைத்தையும் ஒரே விதிக்குள் தள்ளிவிடவில்லை. வழக்கை நோக்கி நல்லறிவால் உணர்ந்துகொள்ளுமாறு கற்போரிடம் விட்டுவிடுகிறது. அடிக்கீறலுக்கு அப்படி ஒப்படைக்க ஆளில்லை, வந்ததையெல்லாம் விழுங்கும்.

வகைகளைப் பெயர் சொல்லி எழுதுவதன் பயன் பின்னாளில்தான் முழுதும் தெரிகிறது. 'மறுமதிப்பீட்டில் உள்ளது' என்று ஐந்தாவது வகை ஒன்றை நாளை சேர்க்கிறோம் என்று கொள்வோம். அவ்வகைகளைப் பிரித்தாளும் இடங்களில் எவையெல்லாம் புதியதை அறியவில்லையோ அவற்றையெல்லாம் கம்பைலர் ஒன்றுவிடாமல் சுட்டும். அடிக்கீறல் இட்ட இடங்களில் மட்டும் அதற்குச் சொல்ல ஒன்றுமிராது. அத்தகைய இடங்களையும் கண்டுசொல்ல ஓகாமலில் 4ஆம் எண் எச்சரிக்கை இருக்கிறது. இயல்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், நாமே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. எவர் விடுபட்டார் என்பதைக் கம்பைலர் கூறும். விடுபடாதவர்க்கு நாம் எழுதிய விதி நியாயமானதா என்பதை அது அறியாது. அதனை நாமே படித்துப் பார்க்க வேண்டும்.