தன் பங்கு எது?

மக்கள் தொடர்புத் துறையில் பயிற்சிப் பணி நாடும் மாணவரிடம் மதிப்பெண் பட்டியலோடு பணித்தொகுப்பையும் கேட்கின்றனர். கல்லூரியில் பயிலும் என் மகள், இரத்ததான முகாமுக்குத் தான் எழுதிய செய்திக்குறிப்பையும், அதனை வெளியிட்ட நாளிதழின் நறுக்கையும் கோப்பில் அடுக்கினாள். தோழி வரைந்த சுவரொட்டியையும் சேர்க்கலாமா என வினவினாள்.

“சேர்த்துக்கொள் அம்மா, வாசகம் மட்டுமே உன்னுடையது என்று கீழே எழுதிவிடு” என்றேன்.

கோப்பு மெலிந்து தோன்றுமே என்று அஞ்சினாள்.

1906-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் விபத்து நேர்ந்தபோது, ஐவி லீ என்பவர் அதனை மூடி மறைக்காமல் செய்தியாளருக்கு அறிக்கை வழங்கினார். முதல் செய்திக்குறிப்பு அதுவே என்பர். அத்தகைய தொழிலுக்குள் பிறர் உழைப்பைத் தனதாக்கி நுழைவது தகுமோ?

ஒவ்வொரு பணிக்கும் நோக்கம், தன் பங்கு, விளைந்த பயன் என மூன்று வரிகள் போதும். கோப்பு மெலிந்திருப்பினும், எவர் வினவினும் தலைநிமிர்ந்து விடை கூறலாம்.