பனித்தளத்து வண்டி எதில் ஓடுகிறது?

பீடோர் என்றதும் கொய்யாவும் வாத்து மீயும் நினைவுக்கு வரும், பனி வராது. ஆனாலும் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்பது சன்வே பிரமிட்டின் பனிச்சறுக்குத் தளத்தைத்தான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காகச் சறுக்கிய ஜூலியன் யீ, சிறு வயதில் பழகியது இங்கேதான்.

இத்தகைய தளங்களில் அவ்வப்போது எல்லாரையும் வெளியேற்றிவிட்டு, பெரிய வண்டி ஒன்றை இறக்குவார்கள். அடியிலுள்ள கத்தி கீறல் விழுந்த பனியைச் சீவும். சீவிய தூளை வண்டியே அள்ளிக்கொள்ளும். பின்னால் தொங்கும் துணி வெந்நீரைப் பூசிச் செல்ல, அது உறைந்து தளம் கண்ணாடியாகிவிடும்.

கலிபோர்னியாவில் பனித்தளம் நடத்திய பிராங்க் சாம்போனி, 1949-இல் இதை உருவாக்கினார். அதுவரை பல ஆட்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்த வேலையை, ஒருவரே பத்து, பதினைந்து நிமிடத்தில் முடித்தார்.

தொடக்கத்தில் பெட்ரோல் இயந்திரம். பிறகு புரோப்பேன் எரிவாயு. இப்போது மின்கலம்.

இந்த மாற்றம் செலவுக்காக மட்டுமல்ல. ரப்பர் தோட்டத்துப் புகைக்கூடம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடைத்த இடத்தில் புகை தங்கிவிடும். ரப்பர் தகடு காய அது தேவை; பிள்ளைகளின் நுரையீரலுக்கு அது ஆகாது. இயந்திரம் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. 2014 டிசம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஐஸ் ஹாக்கி அரங்கு ஒன்றில் இந்த வாயு தேங்கி எழுபதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். நம் வெயில் நாட்டில் குளிர் வெளியேறாமல் இருக்க அரங்கை இறுக மூடி வைக்க வேண்டியிருக்கிறது. அதனால் காற்றோட்டமும் புகையில்லாத வண்டியும் இங்கே இன்னும் முக்கியம்.

மின்கல வண்டியின் விலை அதிகம். ஓய்வு நேரத்தில் மறக்காமல் மின்னேற்ற வேண்டும். ஆனால் புகைக்குழாயே கிடையாது.

அடுத்த முறை போகும்போது கையுறை, நீளக் காலுறையோடு ஒரு கேள்வியையும் கொண்டு போங்கள். வண்டியில் எரிவாயுத் தோம்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், காற்றுச் சோதனைக் கருவி இருக்கிறதா என்று பணியாளரிடம் கேளுங்கள். சறுக்கும்போது பிள்ளைக்குத் தலைவலியோ குமட்டலோ வந்தால், களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்து வாருங்கள், பணியாளரிடமும் சொல்லுங்கள்.